பழைய டர்ன்டேபிளா, புதியதா? இரண்டிலும் பல வருடம் கேட்டபின்

இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிள்கள் என்னிடம் இரண்டு இருக்கின்றன. எழுபதுகளின் கடைசியில் வந்த, மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும் ஒரு டைரக்ட் டிரைவ். போனோ பிரீஆம்ப் (முள்ளிலிருந்து வரும் மெல்லிய சிக்னலை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றபடி பெருக்குவது) உள்ளேயே இருக்கும், மோட்டார் பெல்ட் வழியாகச் சுழற்றும் இந்தக் காலத்து பெல்ட் டிரைவ் ஒன்று. இரண்டும் ஒரே ஆம்ப்ளிஃபயரில்தான் ஓடுகின்றன.

'பழசுக்குத்தான் அந்த இனிமை' என்ற பேச்சு எனக்கு ஒத்துவரவில்லை. ஒரே கார்ட்ரிட்ஜை (முள்ளைத் தாங்கி, அதன் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) இரண்டிலும் மாற்றி மாட்டி, ஒரே தட்டைப் போட்டால் வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். அதுவே உருண்டை முனை முள்ளை எடுத்துவிட்டு நீள்வட்ட முனை போட்டால், தட்டின் மையத்தை நெருங்கும் பாடல்களில் 'ஸ' ஒலிக்கும்போது வரும் கரகரப்பு சட்டென்று அடங்குகிறது. காசை முதலில் முள்ளில் போடுங்கள்.

பழையதில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விஷயம் வேகம். பியானோ ஒலி நீண்டு தேயும் இடத்தில்தான் சுழற்சியின் குறை அகப்படும். அங்கே என் பெல்ட் டெக் (டர்ன்டேபிளுக்கு இன்னொரு பெயர்) லேசாக நடுங்கும், பழையது அசையாது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஸ்லைடரில் தூசி சேர்ந்து வேகம் தாவியபோதும் கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஸ்லைடரை மேலும் கீழும் நகர்த்தினேன், சரியாகிவிட்டது. காய்ந்துபோன கெபாசிட்டர்களை மாற்ற மட்டும் மெக்கானிக்கிடம் போக வேண்டியிருந்தது.

ஆனால் பழசு எல்லாமே இப்படி இல்லை. முள்ளைத் தாங்கும் கை தானாகவே தட்டில் இறங்கி எழும் முழு ஆட்டோமேட்டிக் என்றால் நான் கிட்டேயே போகமாட்டேன். உள்ளே கிரீஸ் இறுகி, கை பாதி வழியில் நின்றுவிடும். ஏசி மோட்டார் உள்ள சில பழைய டெக்குகள் மின்சாரத்தின் அலைவெண்ணை நம்பி ஓடுபவை. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை, புல்லியை (மோட்டாரில் உள்ள சிறு சக்கரம்) மாற்றாமல் 50 ஹெர்ட்ஸில் சொருகினால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று 28-க்குக் கீழே இறங்கி, பாடகர் தூக்கத்தில் பாடுவார். முள் கிடைக்கிறதா என்பதையும் பாருங்கள். ஷூர் நிறுவனம் 2018-லேயே கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அதன் பழைய கார்ட்ரிட்ஜோடு வரும் டெக்குக்கு வேறு கம்பெனி முள்தான் கதி.

புதியதன் அருமை அவசரத்தில் தெரியும். பெல்ட்டை மாட்டி, முள் தட்டில் அழுத்தும் எடையை இரண்டு கிராமுக்கு வைத்தால் பாட்டு வந்துவிடும். யுஎஸ்பி வசதி அலங்காரம்தான், நான் தொடுவதே இல்லை. உள்ளே இருக்கும் பிரீஆம்ப் சுமார் ரகம். அதை அணைக்க ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால், பிறகு நல்லதாக வெளியே ஒன்று வைத்துக்கொள்ளலாம். பெட்டி வடிவில் வரும் மலிவு பிளேயர்களைப் புதியது என்ற கணக்கிலேயே நான் சேர்ப்பதில்லை. செராமிக் கார்ட்ரிட்ஜ், அதிக அழுத்தம், தட்டுக்குத்தான் கேடு.

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள் வைத்திருப்பவர்கள் கணக்கே வேறு. பல புது டெக்குகளில் அந்த வேகமே கிடையாது. முள்ளும் தனியாக, எல்பி (33⅓ சுற்றுத் தட்டு) முள்ளைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு தடிமனில் வேண்டும்.

தினமும் கேட்கத்தான், ஸ்க்ரூடிரைவர் எடுக்கப் பொறுமை இல்லை என்றால் புதியதே. பழையதுதான் வேண்டும் என்றால், விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரமாவது ஓடவிட்டுக் கேளுங்கள். சில கோளாறுகள் சூடேறிய பிறகுதான் தலைகாட்டும்.