மம்ப்ஸ் சால்வர்: வட்டில் எழுதும் வசதியும் அது எழுதும் இடமும்

ரேம் வாங்குவதா, இருக்கும் கணினியிலேயே சமாளிப்பதா என்று ஆய்வக நண்பர் ஒருவர் கேட்டார். சில ஆண்டுகளாக முப்பரிமாண ஃபைனைட் எலிமென்ட் (பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) கணக்குகளுக்கு, பெரிய நேரியல் சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்க்கும் மம்ப்ஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்திவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சமன்பாடுகளின் கெழுக்கள் அடங்கிய அணியில் (மேட்ரிக்ஸில்) பூஜ்ஜியங்களே மிகுதி என்றாலும், தீர்ப்பதற்காக அதை முக்கோண அணிகளாகக் காரணிப்படுத்தும்போது அவற்றுள் பல இடங்கள் நிரம்பிவிடும். இந்த நிரம்பலைக் குறைக்க மாறிகளை வரிசைப்படுத்தும் மெட்டிஸ் போன்ற நல்ல கருவி இருந்தும், முப்பரிமாண வலையில் மாறிகள் இரட்டித்தால் காரணிகளுக்கான இடம் ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். இந்த நெருக்கடியில் மம்ப்ஸிடம் எனக்கு மிகவும் பிடித்தது, பகுப்பாய்வு முடிந்தவுடனேயே, முழுக்க ரேமில் செய்தால் எத்தனை மெகாபைட், காரணிகளை வட்டுக்கு அனுப்பினால் எத்தனை மெகாபைட் என்று இரண்டு மதிப்பீடுகளையும் அருகருகே தந்துவிடும் நேர்மைதான். பிவட் (வகுக்கப் பயன்படும் உறுப்பு) மாற்றங்களால் மதிப்பீடு மீறப்பட்டு, இடம் போதவில்லை என்னும் -9 என்ற பிழை வந்தால், கூடுதலாக ஒதுக்கும் இடத்தைக் குறிக்கும் ஐசிஎன்டிஎல்(14) என்ற அமைப்பின் சதவீதத்தை உயர்த்தினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஐசிஎன்டிஎல்(22) ஐ 1 ஆக்கினால் காரணிகள் வட்டுக்குப் போகும். ஆனால் எங்கே? இடம் குறிப்பிடாவிட்டால் டிஎம்பி கோப்புறைக்கு. இன்று பல லினக்ஸ் கணினிகளில் அந்தக் கோப்புறையே ரேமில்தான் இருக்கிறது. ரேமை மிச்சப்படுத்த எழுதிய கோப்பு ரேமையே விழுங்க, வேலை பாதியில் கொல்லப்படுகிறது. MUMPS_OOC_TMPDIR என்ற சூழல் மாறியில் எஸ்எஸ்டியின் பாதையைத் தந்தால் போதும் என்பது உண்மை. ஆயினும் எழுதப்போகும் இடத்தை ஒரு வரியில் முன்கூட்டியே எச்சரித்திருந்தால் எத்தனை பேரின் இரவுகள் மிஞ்சியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் அடங்குவதில்லை. முறையாக முடியும் வேலை தன் கோப்புகளைத் தானே அழித்துவிடுகிறது, கொல்லப்பட்ட வேலையோ அவற்றை அப்படியே விட்டுப்போகிறது. அடுத்த ஓட்டத்துக்கு முன் அவற்றைக் கையால் அழிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வட்டுக்குப் போவது காரணிகள் மட்டுமே. அப்போது கையாளப்படும் முன்னணி அணிகளும் (காரணிப்படுத்தலின் ஒவ்வொரு படியிலும் உருவாகும் அடர்ந்த துணை அணிகளும்) அவற்றின் இடைநிலை எச்சங்களும் ரேமிலேயே இருக்கும் என்பதால், தேவை ஓர் அளவுக்குக் கீழே இறங்காது. தீர்வுக் கட்டத்தில் காரணிகளை மறுபடியும் வட்டிலிருந்து படிக்க வேண்டியிருப்பதால், சமன்பாடுகளின் வலப்பக்க வெக்டர்களை ஒவ்வொன்றாகக் கொடுக்காமல் தொகுதியாகக் கொடுப்பதே உகந்தது. காலப்படிகளாக நகரும் கணக்கில், ஒரு படியின் விடை வந்த பிறகே அடுத்த படி தொடங்கும் என்பதால், அதற்கும் வழியில்லை.

இவ்வளவு பாராட்டிய பிறகும் நண்பருக்கு நான் சொன்ன பதில், ரேமையே வாங்குங்கள் என்பதுதான்.