புது வீட்டுக்குத் “தண்ணீர் இணைப்புக் கட்டணம்” கேட்டால் கொடுக்காதீர்கள்

சிங்கப்பூரில் தெங்காவோ பொங்கோலோ, புது பிடிஓ வீட்டுச் (முன்பதிவின் பேரில் அரசு கட்டித் தரும் வீடு) சாவிக்குக் காத்திருப்பவர்கள் ரெனவேஷன்காரரிடம் முன்பணம் கொடுப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். எங்களிடம் ஒருவர் செய்யாத வேலைக்கு 850 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கினார். செய்த வேலையை விதிக்குப் புறம்பாகச் செய்துவிட்டுப் போனார்.

ஆள் தமிழர், தெரிந்த குடும்பம் சொல்லி வந்தவர். அவர் கொடுத்த விலைப்பட்டியலில் “தண்ணீர், கழிவுநீர் இணைப்பு, அனுமதி – 850” என்று ஒரு வரி இருந்தது. இது எதற்கு என்று என் மனைவி கேட்டார். “புது வீடு அக்கா, இணைப்புக் கொடுத்தாத்தான் தண்ணி வரும். பியூபி வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன். நம்ம ஆளுங்ககிட்ட கூடுதலா வாங்குவேனா?” என்றார். பியூபி என்பது தண்ணீரைக் கவனிக்கும் அரசு அமைப்பு.

அது முழுப் பொய். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் கட்டி முடியும்போதே குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்துவிடும். நம் பங்குக்கு, தண்ணீர், மின்சார பில் அனுப்பும் எஸ்பி நிறுவனத்திடம் கணக்குத் திறந்தால் போதும், இணையத்திலேயே செய்யலாம். கழிவுநீருக்கான கட்டணமும் மாதாமாதம் தண்ணீர் பில்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. எங்கள் கணக்கை நாங்களேதான் திறந்தோம். அந்த 850 எதற்குப் போனது என்று இன்றுவரை அவரால் ஒரு ரசீது காட்ட முடியவில்லை.

பணத்தைவிட என்னைக் கொதிக்க வைத்தது அடுத்த விஷயம். சமையலறையில் அலமாரிக்கு இடம் கிடைக்கும் என்று சொல்லி, துணி துவைக்கும் இயந்திரத்தைப் பால்கனிக்கு மாற்றச் சொன்னவர் அவரே. உரிமம் பெற்ற பிளம்பர் வருவார் என்றார். வந்தது ஓர் இளைஞர். உரிமத்தைக் கேட்டபோது, “பாஸ்கிட்ட இருக்கு” என்றார். மாலையில் நாங்கள் போய்ப் பார்ப்பதற்குள் குழாயைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள்.

குடிவந்த பிறகு, கீழ்வீட்டு மலாய் அக்கா தன் பால்கனியைப் படம் எடுத்து அனுப்பினார். மழைநீர் போகும் துளையிலிருந்து சோப்பு நுரை பொங்கி நின்றது. நாங்களே தேடிப் பிடித்த உரிமம் பெற்ற பிளம்பர் பலகையைக் கழற்றிப் பார்த்தார். துவைத்த அழுக்குத் தண்ணீர் முழுக்க மழைநீர்க் குழாயில் போய்க்கொண்டிருந்தது.

இது ஏன் இவ்வளவு பெரிய தப்பு? சிங்கப்பூரில் மழைநீருக்கு ஒரு பாதை, கழிவுநீருக்கு வேறொரு பாதை. கழிவுநீர் நிலத்தடிக் குழாய் வழியே சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. அங்கிருந்துதான் நியூவாட்டர் எனும் மறுசுத்திகரிப்புத் தண்ணீர்கூட வருகிறது. மழைநீரோ வடிகால் வழியே நீர்த்தேக்கத்துக்குப் போகும். தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி நீர் சேகரிக்கும் பகுதி. ஆக, அந்த வடிகாலில் விடுகிற சோப்புத் தண்ணீர் போய்ச் சேரும் இடம் நாம் எல்லோரும் குடிக்கிற தண்ணீர். இரண்டு முழம் குழாயும் அரைநாள் வேலையும் மிச்சம் என்று ஒருவர் இதைச் செய்கிறார் என்றால் அவரை எப்படி மன்னிப்பது?

தண்ணீர்க் குழாயோ கழிவுநீர்க் குழாயோ, மாற்றி அமைக்கிற வேலையைப் பியூபி உரிமம் உள்ள பிளம்பர்தான் செய்ய வேண்டும். பழைய டேப்பை (தண்ணீர் திறக்கும் திருகுக் குழாயை) கழற்றிவிட்டு அதே இடத்தில் புதியதை மாட்டுவது போன்ற சின்ன வேலைகளுக்கு மட்டும் அது தேவையில்லை. உரிமம் உள்ளவர்களின் பட்டியல் பியூபி இணையத்தளத்தில் இருக்கிறது. ஆள் வாசலில் நிற்கும்போதே பெயரைத் தேடிப் பாருங்கள். “பாஸ்கிட்ட இருக்கு” என்றால் வேலையைத் தொடங்கவே விடாதீர்கள். ரெனவேஷன்காரர் வீவக பட்டியலில் இருக்கிறாரா என்பது வேறு, பிளம்பரின் உரிமம் வேறு. எங்கள் ஆள் முதலாவதைக் காட்டியே இரண்டாவதை மறைத்தார். அப்புறம், எந்தக் குழாய் எங்கே சேர்கிறது என்று மூடுவதற்கு முன் படம் எடுத்து அனுப்பினால்தான் அடுத்த தவணை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இயந்திரம் இப்போது சமையலறைப் பக்கத்துக்கே திரும்பிவிட்டது. அந்தச் செலவும் எங்கள் தலையில்தான். பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் புகார் கொடுத்தோம். அவர்கள் எழுதிய கடிதத்துக்குப் பிறகு ரெனவேஷன்காரர் 400 வெள்ளி திருப்பித் தந்தார், மீதிக்குப் போனையே எடுப்பதில்லை. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். விலைப்பட்டியல், வாட்ஸ்அப் உரையாடல், கீழ்வீட்டு அக்கா அனுப்பிய படம், புது பிளம்பரின் பில் எல்லாவற்றையும் இணைத்து மனு போட்டிருக்கிறோம்.