நெடுந்தீவா, சுண்டிக்குளமா?

"கடலோரமாக ஒரு நாள் எங்கே போகலாம்?" என்று யாழ்ப்பாணத்துக்கு வரும் உறவினர் கேட்டால், நம்மவர்களின் பதில் பெரும்பாலும் நெடுந்தீவுதான். அந்தப் பதிலில் எனக்குப் பாதிதான் சம்மதம். ஆண்டின் பெரும்பகுதிக்கு அது பொருந்தும். ஆனால் தை முதல் பங்குனி வரை, வலசைப் பறவைகள் வந்து கூடும் சுண்டிக்குளத்தை விட்டுவிட்டுப் படகு ஏறுவது, விருந்தினர் வந்து வாசலில் நிற்கும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படுவதற்குச் சமம்.

இரண்டும் 2015ஆம் ஆண்டு தேசிய பூங்காக்களாக அறிவிக்கப்பட்டவை. சுண்டிக்குளம் அதற்கு வெகு முன்பே, 1938இலேயே பறவைகள் சரணாலயமாகிவிட்டது. பரப்பில் இரண்டுக்கும் ஒப்பே இல்லை: சுண்டிக்குளம் 19,565 ஹெக்டேயர், நெடுந்தீவுப் பூங்கா 1,846 ஹெக்டேயர். ஆனால் நெடுந்தீவே ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர், அதாவது 5,000 ஹெக்டேயர்தான். மக்கள் குடியிருந்து மாடு வளர்த்து வாழும் ஒரு தீவில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நிலம் பூங்காவுக்குள் இருக்கிறது என்பதை அங்கே நடக்கும்போது மறக்கக் கூடாது.

போகும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். நெடுந்தீவுக்குச் சொந்த வாகனம் தேவையில்லை. யாழ்ப்பாண நகரிலிருந்து பஸ் ஏறினால் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். தீவில் இறங்கியதும் ஓட்டோ பிடிக்கலாம். சுண்டிக்குளம் அப்படியல்ல. ஏ-9 வீதியில் இயக்கச்சிச் சந்தியில் கிழக்கே திரும்பியோ, பருத்தித்துறைப் பக்கமிருந்து நாகர்கோவில், மருதங்கேணி, வெற்றிலைக்கேணி வழியாகவோ வரலாம். எந்த வழியில் வந்தாலும் கடைசிப் பகுதி மணலும் செம்மண்ணும் கலந்த தடம். வாகனம் இல்லாமல் போவது நடைமுறையில் கஷ்டம். குடிநீரும் சாப்பாடும் கையோடு கொண்டு போகவேண்டும்.

நெடுந்தீவில் ஒரு நாள் முழுக்கக் கண்ணுக்கு வேலை இருக்கிறது. வீதியின் இருபுறமும் சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் அடுக்கிய முருகைக்கல் வேலிகள், இடிந்த கோட்டை, புறாக்கூடு, உள்ளே ஆள் நிற்கக்கூடிய பொந்து கொண்ட பெருக்கு மரம். எல்லாவற்றுக்கும் மேல், தெற்குப் புல்வெளிகளில் கூட்டமாக மேயும் கட்டைக் குதிரைகள். அவை இந்த மண்ணின் காட்டு விலங்குகள் அல்ல. ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் கொண்டுவரப்பட்டு, வளர்த்தவர்கள் போனபின் தாமாகப் பெருகியவை. அதனால் அவற்றைக் குறைவாக மதிப்பிடுவோரும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. வேலியும் கோட்டையும் மனிதர் விட்டுப்போனவைபோலவே குதிரையும் மனிதர் விட்டுப்போனது. அந்தத் தீவின் வரலாற்றை உயிரோடு சுமப்பது அது மட்டுமே. நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடிய குமுதினிப் பயணிகள் படகில் 1985 மே 15 அன்று கொல்லப்பட்டவர்களின் நினைவிடமும் தீவில்தான் இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் அங்கே சிறிது நேரம் நின்று, அந்தக் கடற்பாதையில் நடந்ததைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நெடுந்தீவின் நோவு தண்ணீர். சுண்ணாம்புக்கல் தீவு, மழைநீர் நிலத்தடியில் உவர்நீருக்கு மேல் மெல்லிய படையாகத்தான் தங்கும். கோடை முற்றினால் கிணறுகள் உவர்க்கின்றன, குளங்கள் வற்றுகின்றன. கடும் வரட்சிக் காலங்களில் குதிரைகள் தாகத்தால் இறந்திருக்கின்றன. ஆவணி மாதத்தில் போகிறவர் காண்பது புல்வெளியில் பாயும் குதிரையை அல்ல, விலா எலும்பு தெரிய நிற்கும் குதிரையை. சோழகக் காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை கடலும் அடங்காது. படகில் வயிறு புரளும். ஐப்பசி, கார்த்திகையில் தாழமுக்கம் உருவானால் சேவையே நிறுத்தப்படும். மாசி, பங்குனி மாதங்கள்தான் தோது. கடல் படுத்திருக்கும், புல்லில் இன்னும் ஈரம் இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், அதே மாதங்கள்தான் சுண்டிக்குளத்தின் உச்சப் பருவமும். இங்கேதான் என் சாய்வு தெளிவாகிறது. குதிரைகள் பங்குனிக்குப் பிறகும் அங்கேயே இருக்கும். பறவைகள் போய்விடும்.

சுண்டிக்குளத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் பார்ப்பது இரட்டிப்பாகும். கனகராயன் ஆறும் நெத்தலியாறும் பிரமந்தனாறும் வன்னியின் மழைநீரை இந்தக் கடல்நீரேரியில் கொட்டுகின்றன. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டால் அந்த வெள்ளமும் இங்கேதான் வந்து சேரும். நீர் மட்டம் ஏறும்போது, நீரேரி கடலைத் தொடும் மணல் வாயான தொடுவாய் உடைந்து, நீர் கடலோடு கலக்கிறது. ஆகவே கார்த்திகையில் போனால் ஏமாற்றம்தான்: நீர் ஆழம், பறவைகள் சிதறியிருக்கும், தடமும் சேறு. தை பிறந்து நீர் வடியத் தொடங்கியதும் காட்சி மாறுகிறது. முழங்கால் ஆழத்தில் மஞ்சள் மூக்கு நாரைகளும் கரண்டிவாயன்களும் இறங்குகின்றன. வெளித்தெரியும் சேற்றை மூக்கன்களும் உள்ளான்களும் நிறைக்கின்றன. வட ஆசியாவின் குளிருக்குத் தப்பி வந்த ஊசிவால் வாத்துகள் நடுநீரில் மிதக்கின்றன. உவர்ப்பு ஏறிய ஓரங்களில் பூநாரைகள் தலைகீழாக அலகைப் பதித்து வடிகட்டித் தின்கின்றன. ஒரே நீர்ப்பரப்பில் ஒவ்வொரு பறவையும் தன் கால் நீளத்துக்கும் அலகின் வளைவுக்கும் ஏற்ற ஆழத்தைப் பிரித்தெடுத்துக்கொள்வதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் நம் வாசலருகே இருப்பது பெரும் பேறு.

விடியற்காலையில் போய்விடுங்கள். கடலுக்கும் நீரேரிக்கும் இடைப்பட்ட மணற்கரையில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் முதுகுப் பக்கம் விழும். நிறங்கள் தெளிவாகத் தெரியும். பத்து மணிக்குப் பின் கானல் எழுந்து எல்லாம் நடுங்கும். தொலைநோக்கி இல்லாமல் போனால் வெண்புள்ளிகளைத்தான் எண்ணிவிட்டு வரலாம். நீரில் முதலைகள் உண்டு. கால் நனைக்க வேண்டாம்.

மூன்றாவதாக ஆதாம் பாலம் தேசிய பூங்காவையும் சிலர் சொல்வார்கள். தலைமன்னாருக்கு அப்பால் உள்ள மணல் தீடைகள் அவை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நாளில் போய்வரும் ஒப்பீட்டுக்குள் அதைச் சேர்க்கவில்லை. சிறுத்தையும் ஜீப் சவாரியும் வேண்டுமென்றால் வில்பத்துவுக்குப் போங்கள். இங்கே அவற்றை எதிர்பார்த்து வரவேண்டாம்.

சுண்டிக்குளத்தில் வேறொன்றையும் கண் திறந்து பார்க்கவேண்டும். கடலிலும் நீரேரியிலும் மீனும் இறாலும் பிடித்து வாழும் வடமராட்சி கிழக்கு மக்களுக்கு, பூங்கா எல்லை எங்கே தொடங்குகிறது என்பது பிழைப்போடு கலந்த கேள்வி. 2004 சுனாமியும் போரும் அடுத்தடுத்துப் புரட்டிப்போட்ட கரை அது. பறவையை நேசிக்கிறவர் அந்த மக்களைத் தடையாகப் பார்க்கக் கூடாது. எந்தத் தடம் வண்டியைத் தாங்கும், எந்த ஓரத்தில் நேற்றுப் பூநாரை இறங்கியது என்பதையெல்லாம் அவர்களிடம் கேட்டால்தான் தெரியும். கேளுங்கள், அவர்களிடமே மீன் வாங்குங்கள்.

என் பரிந்துரை இதுதான். தை, மாசியில் ஒரு நாள் மட்டும் கிடைத்தால் சுண்டிக்குளம். இரண்டு நாள் கிடைத்தால் முதல் நாள் சுண்டிக்குளம், மறுநாள் முதல் படகில் நெடுந்தீவு. சின்னப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் நெடுந்தீவுக்கு முதலிடம். குதிரையைப் பார்க்கத் தொலைநோக்கியும் பொறுமையும் தேவைப்படாது. மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்குப் படகில் ஏறி இறங்குவது சிரமம், அவர்களுக்குச் சுண்டிக்குளக் கரையில் வண்டியிலிருந்தபடியே பார்ப்பது நல்லது. ஆடி, ஆவணியில் வருகிறவருக்கு நெடுந்தீவுதான், அதுவும் காலைப் படகில். அப்போது போனால் குதிரைகள் நீர் குடிக்கும் இடத்தை மறித்து நின்று படம் எடுக்காதீர்கள். நாம் நகரும்வரை அவை தாகத்தோடு ஒதுங்கி நிற்கும்.