நீச்சல் அணியில் பிள்ளையைச் சேர்க்கும் முன் புரட்ட வேண்டிய இரண்டு தளங்கள்

அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டுத் துறை வரவு செலவை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். பெங்களூரில் விடியற்காலை நான்கரைக்கே பிள்ளைகளை எழுப்பி நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போகும் பெற்றோரில் பலருக்கு இது தெரியவில்லை. அமெரிக்கக் கல்லூரி நீச்சல் அணிகளில் இடம் தேடித் தரும் ஆலோசகர்களிடம் லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு, அவர்கள் நீட்டும் வண்ணப் புத்தகத்தைக் கணக்கு என்று நம்புகிறார்கள். நான் அல்சூரில் அலுவலகம் வைத்திருக்கும் ஆடிட்டர். அறக்கட்டளைகளின் கணக்குதான் என் தொழில். மகள் பட்டர்ஃபிளை நீந்துகிறாள், அமெரிக்கா போக ஆசைப்படுகிறாள். அவளுக்காக நான் உட்கார்ந்து பார்த்த இரண்டு தளங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, அமெரிக்கக் கல்வித் துறை நடத்தும் ஈக்விட்டி இன் அத்லெடிக்ஸ் தளம். 1994-இல் வந்த சட்டப்படி, மத்திய அரசின் மாணவர் உதவித் திட்டங்களில் பங்கேற்கிற, இருபாலரும் படிக்கிற கல்லூரி எதுவானாலும், போட்டி அணிகள் வைத்திருந்தால் ஆண்டுதோறும் இந்த விவரத்தைக் கொடுத்தாக வேண்டும். அதனால் அரசுப் பல்கலைக்கழகம், தனியார் பல்கலைக்கழகம், நாம் பெயரே கேள்விப்படாத இரண்டாண்டுக் கல்லூரி என்று எல்லாமே உள்ளே இருக்கிறது. கல்லூரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் வசதி உண்டு.

எனக்குப் பிடித்தது, விளையாட்டு வாரியாகப் பிரித்துக் கொடுப்பது. மகளிர் நீச்சல் வரிசைக்குப் போனால் அணியில் எத்தனை பேர், மொத்தச் செலவு எவ்வளவு, அதில் போட்டி நாள் செலவு எவ்வளவு என்று தனித்தனியாக வரும். போட்டி நாள் செலவு என்றால் பயணம், தங்குமிடம், சாப்பாடு, சீருடை, உபகரணம், நடுவர்களுக்கான பணம். தலைக்கு எவ்வளவு என்று தளமே வகுத்துக் காட்டிவிடுகிறது. ஒரே அளவு அணி உள்ள இரண்டு கல்லூரிகளில் இந்தத் தொகை பெரிதாக வித்தியாசப்பட்டால், யார் போட்டிக்கு விமானத்தில் போகிறார்கள், யார் பேருந்தில் போகிறார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

ஆனால் இந்தத் தளத்தைப் பார்த்து எந்தக் கல்லூரிக்கு லாபம் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். பல கல்லூரிகளில் வரவும் செலவும் ஒரு டாலர் கூடப் பிசகாமல் சமமாக நிற்கும். என் தொழிலில் இப்படி ஒரு கணக்கு மேசைக்கு வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுவேன். காரணம், வரவுக்கு அந்தச் சட்டம் கொடுக்கும் விளக்கத்திலேயே இருக்கிறது. டிக்கெட், தொலைக்காட்சி, நன்கொடை ஆகியவற்றோடு, பல்கலைக்கழகம் தன் பொது நிதியிலிருந்து கொடுக்கும் பணமும், மாணவர்களிடம் வசூலிக்கும் கட்டணமும் வரவுதான். தலைமை அலுவலகம் அனுப்பும் பணத்தைக் கிளை தன் சம்பாத்தியமாக எழுதிக்கொள்வதைப் போன்ற வேலை இது. பற்றாக்குறையை அடைத்த பணமே வரவில் ஏறி உட்கார்ந்துகொண்டால் பற்றாக்குறை எப்படிக் கண்ணுக்குத் தெரியும்?

இன்னொரு குறையும் உண்டு. உதவித்தொகை மொத்தத்தை ஆண்கள் அணிகள், மகளிர் அணிகள் என்று மட்டும்தான் பிரிக்கிறார்கள். நீச்சலுக்கு எவ்வளவு என்பது தெரியாது. நம் பெற்றோர் முதலில் தேடுவது அதைத்தான்.

இரண்டாவது தளம், நைட்-நியூஹவுஸ் கல்லூரி விளையாட்டுத் தரவுத்தளம். கல்லூரி விளையாட்டைச் சீர்திருத்துவதற்காக 1989-இல் அமைந்த நைட் ஆணையமும், சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் நியூஹவுஸ் இதழியல் பள்ளியும் சேர்ந்து நடத்துவது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வுக்கு, அதன் முதல் பிரிவில் (டிவிஷன் 1) ஆடும் அரசுப் பல்கலைக்கழகங்கள் தாக்கல் செய்யும் நிதி அறிக்கைகளைத் தகவல் உரிமை வழியாகக் கேட்டு வாங்கி, 2005 முதல் வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். மனம்விட்டுப் பாராட்ட வேண்டிய உழைப்பு. முதல் தளம் ஒளித்த பொருள் இங்கே வெளிச்சத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகம் கொடுத்தது தனி, மாணவர் கட்டணம் தனி, டிக்கெட் தனி, நன்கொடை தனி. அந்த முதல் இரண்டையும் கழித்துவிட்டு மீதியைச் செலவோடு ஒப்பிட்டால்தான் துறை சொந்தக் காலில் நிற்கிறதா என்று தெரியும்.

அப்படிப் பார்த்தால் படமே மாறிவிடுகிறது. 2019-இல், பணக்கார லீக்குகளைச் (அங்கே ‘கான்ஃபரன்ஸ்’ என்பார்கள்) சேர்ந்த 65 பல்கலைக்கழகங்களிலேயே 25 மட்டும்தான் தாங்களே ஈட்டிய பணத்தில் செலவை ஈடுகட்டின என்று என்.சி.ஏ.ஏ.வே சொல்லியிருக்கிறது. ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தை எடுத்துப் பார்த்தால், வரவில் பெரும்பங்கு மாணவர் கட்டணம். செலவுப் பக்கமும் நிறையக் கற்றுக்கொடுக்கும். பதவி நீக்கத் தொகை என்று தனி வரியே உண்டு. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் கால்பந்துப் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து) பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வெளியே அனுப்பியபோது அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது சுமார் 7.6 கோடி டாலர். ஒரு நீச்சல் அணியை எத்தனை காலம் நடத்தலாம் அதில்!

குளத்துக் கேலரியில் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: “அக்கா, பதினஞ்சு கோடி டாலர் வருமானம்னு புக்ல போட்டிருக்காங்க. அப்புறம் என்ன பயம்?” அவர் மகனும் என் மகளும் ஒரே பயிற்சியாளரிடம்தான் நீந்துகிறார்கள். அந்தப் புத்தகம் அவருடைய ஆலோசகர் கொடுத்தது. அதில் மொத்த வருமானத்தைத் தவிர வேறு எண்ணே இல்லை. நான் அவருக்கு அயோவா பல்கலைக்கழகத்தின் கதையைச் சொன்னேன். 2019-இல் அவர்களுக்கும் ஏறத்தாழ அதே 15 கோடி டாலர் வரவு. கொரோனா வந்து கால்பந்துப் பருவம் தள்ளிப்போனதும், 2020 ஆகஸ்டில் ஆண்கள், பெண்கள் இரண்டு நீச்சல் அணிகளையும் மூடுவதாக அறிவித்தார்கள். பெண்கள் அணி வழக்கு போட்டுத் திரும்பி வந்தது, ஆண்கள் அணி வரவில்லை. பையனை நீச்சலுக்காக அனுப்புகிறவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

பெரிய வரவு பாதுகாப்பு இல்லை என்பதற்கு ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகமும் சாட்சி. 2024 நிதியாண்டில் 25 கோடி டாலருக்கு மேல் வந்தும் 3.7 கோடிக்கு மேல் பற்றாக்குறை. சொந்த மைதானத்தில் கால்பந்து ஆட்டங்கள் குறைந்தது ஒரு காரணம். அதே ஆண்டு டெக்சாஸ் பல்கலைக்கழகம் 33 கோடிக்கு மேல் ஈட்டி, 32 கோடிக்கு மேல் செலவழித்தது. கையில் நின்றது கொஞ்சம்தான். கால்பந்திலும் ஆண்கள் கூடைப்பந்திலும் வரும் பணத்தில்தான் மற்ற விளையாட்டுகள் நடக்கின்றன. நீச்சல் எந்தக் கல்லூரியிலும் சம்பாதித்துக் கொடுக்கும் விளையாட்டு அல்ல.

இப்போது இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய நேரம். கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த உடன்பாட்டின்படி, ஒரு கல்லூரி 2025–26-இல் சுமார் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம். அதில் பெரும்பகுதி கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகும் நம் பிள்ளைகளுக்கு வேலை விதிகள் குறுக்கே நிற்பதால் அந்தப் பங்கு எளிதில் கிடைக்காது. மகளிர் நீச்சலுக்கு அணிக்கு 14 உதவித்தொகை என்று இருந்த பழைய உச்சவரம்பு போய், உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் 30 பேர் என்ற ஆள் வரம்பு வந்திருக்கிறது. அதைக் கேட்டு ஆலோசகர்கள் “முப்பது பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப்” என்று பேசுகிறார்கள். கொடுக்க அனுமதி இருக்கிறது, அவ்வளவுதான். கொடுக்கப் பணம் வேண்டுமே. கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் நீச்சல் அணியை மூடியபோது சொன்ன காரணங்களில் இந்த உடன்பாட்டின் செலவும் ஒன்று.

நைட்-நியூஹவுஸ் தளத்தில் எனக்குள்ள வருத்தம் இரண்டு. ஸ்டான்ஃபோர்ட், டியூக், நோட்டர் டேம் போன்ற தனியார் கல்லூரிகளின் வரவு செலவு அதில் கிடையாது. தகவல் உரிமைச் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தாது. நீச்சலுக்குப் பேர்போன தனியார் கல்லூரிகள் பல இப்படி விட்டுப்போகின்றன. இன்னொன்று, கணக்கு வந்து சேரத் தாமதமாகிறது. இன்று முடிவெடுக்கிற பெற்றோர் பார்ப்பது பழைய ஆண்டின் எண்கள்.

ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால், அரசுக் கல்லூரிக்கு இரண்டாவது தளம், தனியார் கல்லூரிக்கு வேறு வழியில்லை, முதல் தளம்தான். இரண்டையுமே கைப்பேசியில் பார்க்காதீர்கள், கணினியில் உட்காருங்கள். ஒரே ஆண்டை எடுக்காமல் ஐந்தாறு ஆண்டுகளை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். அணியில் உள்ளவர் எண்ணிக்கையும் போட்டி நாள் செலவும் ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வந்தால், அந்த எண்களைக் குறிப்பிட்டு அங்குள்ள பயிற்சியாளருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு, அணியை மூடினால் படிப்பு முடியும்வரை அது தொடருமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.