அசல் நிறம் தருகிறோம் என்று சொல்லி, இருந்த அசல் சாயத்தையும் சுரண்டிவிட்டார்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய யமாஹா ஆர்எக்ஸ்இசட் வைத்திருப்பவர்கள், அதிலும் புதிய உதிரிகளை மாட்டி வண்டியை அழகுபடுத்த நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். மோட்டார் சைக்கிளுக்குச் சாயம் அடித்துத் தரும் பட்டறை ஒன்றில் 1,850 ரிங்கிட்டைக் கொட்டிவிட்டு, என்னிடம் முன்பே இருந்த விலைமதிப்பான ஒன்றையும் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் கொடுக்கவிருக்கும் நேரத்தில் பெயரைப் போட்டு வேறொரு வழக்கை வாங்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

வண்டி என் அப்பா தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தபோது, 1990-களில் வாங்கியது. இந்த ரகத்தின் உற்பத்தி 2011-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டதால், தொழிற்சாலைச் சாயமும் பக்கவாட்டுக் கோடுகளும் கலையாத பெட்ரோல் டாங்கி இன்று சுலபத்தில் கிடைப்பதில்லை. எங்கள் டாங்கி அப்படிப்பட்டது. நான் புதிதாக வாங்கியவை முன்விளக்குக் கவசம், வால்பகுதி, இரண்டு பக்க மூடிகள் ஆகியவை மட்டுமே. இந்தப் பிளாஸ்டிக் உதிரிகளை டாங்கியின் நிறத்துக்கு ஒத்துவரும்படி அடிக்க வேண்டும், டாங்கியைத் தொடவே கூடாது என்பதுதான் நான் கேட்ட வேலை.

அந்தச் சிவப்பு சாதாரணச் சிவப்பு அன்று. அடியில் வெள்ளி மினுக்கு, அதன் மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு, எல்லாவற்றுக்கும் மேல் கிளியர் எனும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு என மூன்று அடுக்காக அடிக்கப்படும் வகை அது. நடு அடுக்கு கொஞ்சம் கனத்துவிட்டாலும் நிறம் கருத்துவிடும். வெள்ளி அடுக்கை அடிக்கும்போது சாயம் தெளிக்கும் துப்பாக்கியின் அழுத்தமோ தூரமோ மாறினால் மினுக்குத் துகள்கள் வேறு விதமாகப் படிந்து, நேராகப் பார்க்கையில் ஒரு நிறமும் சாய்த்துப் பார்க்கையில் இன்னொரு நிறமும் தெரியும். போதாக்குறைக்கு, பல வருட வெயிலில் டாங்கி வெளுத்தும் இருந்தது. ஆகவே வண்டியில் ஒட்டியிருக்கும் நிறக் குறியீட்டைப் பார்த்துக் கலந்தால் மட்டும் போதாது. இன்று கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கு ஏற்பத் திருத்திக் கலக்க வேண்டும்.

இதையெல்லாம் நான் சொல்வதற்கு முன்னால் அந்தப் பட்டறைக்காரரே சொன்னார் என்பதுதான் கொடுமை. இருக்கையைத் தூக்கி, அதன் அடியில் மறைந்திருந்த டாங்கியின் வால்முனையைத் துணியால் துடைத்து, வெயில் படாத அந்த இரண்டு விரல் அகலச் சிவப்பைக் காட்டினார். “இதுதான் அண்ணே வண்டி பொறந்தப்ப இருந்த கலரு. மேல இருக்கிறது வெளுத்துப்போனது. உங்களுக்கு எது வேணும்னு சொல்லுங்க, அதுக்குத்தான் கலக்குவேன்” என்றார். தொழில் தெரியாதவன் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வராது. வெளுத்த நிறமே வேண்டும் என்றேன். ஒப்பிட்டுப் பார்க்க டாங்கி பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று அவர் கேட்டதும் நியாயமாகவே பட்டது. 1,000 ரிங்கிட்டை முன்பணமாகக் கொடுத்து, வண்டியை அங்கேயே விட்டேன். ரசீது என்று நோட்டுத்தாளைக் கிழித்து ‘பெயிண்ட் 1 செட்’ என்று எழுதிக் கொடுத்தார்.

எடுக்கப் போனது மாலையில். வண்டியில் எல்லாமே ஒரே நிறத்தில் இருந்தன. எப்படி இருக்காது? டாங்கியையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கோடுகளை உரித்து எறிந்துவிட்டு, தாங்கள் கலந்த தவறான சிவப்பையே அதன் மேலும் அடித்திருந்தார்கள்! டாங்கிக்கு ஒத்த நிறத்தைக் கலக்க வராததால், கலந்த நிறத்துக்கு டாங்கியை ஒத்துப்போக வைத்துவிட்டார்கள். நான் கத்தியபோது அவர் நிதானமாக, “இப்ப எல்லாம் ஒரே கலராத்தானே இருக்கு அண்ணே, இன்னும் என்ன வேணும்?” என்று கேட்டார். மீதி 850 ரிங்கிட்டைக் கொடுத்தால்தான் சாவி கிடைக்கும் என்றார். ஆக மொத்தம் 1,850 ரிங்கிட்.

மறுநாள் காலை வெயிலில் பார்த்தால் அதில் வெள்ளி மினுக்கே இல்லை. பிரைமர் எனும் சாம்பல் அடிப்பூச்சுக்கு மேல் வெறும் சிவப்பு, செங்கல் போல. அடுத்து பெட்ரோல் போடுகையில் மூடியோரம் சிந்திய சில துளிகளைத் துடைப்பதற்குள் கிளியர் பிசுபிசுத்துச் சுருங்கி, துணியோடு சிவப்பாக வந்தது. இறுகவைக்கும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூகே கிளியர் நன்றாகக் காய்ந்திருந்தால் பெட்ரோல் துளிகளுக்கு இப்படிக் கரையாது. அந்தக் கிளியருக்கும் சேர்த்துத்தான் என்னிடம் 1,850 ரிங்கிட் வாங்கினார்கள்.

அதன் பிறகு வந்த பதில்களைக் கேளுங்கள். முதலில், “வெயில்ல காயட்டும் அண்ணே, கலரு இறங்கும்.” பிறகு, சாயக்கடைக்காரன் தப்பாகக் கலந்து கொடுத்துவிட்டானாம். பிறகு, அடித்த பையன் வேலையை விட்டு நின்றுவிட்டானாம். நேரில் போனால் பாஸ் ஈப்போவுக்குப் போயிருக்கிறார் என்கிறார்கள், அவருடைய காரோ வாசலில் நிற்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களுக்கு நீல டிக் விழுந்ததோடு சரி. கடைசியாகத் தொலைபேசியை எடுத்தபோது, “சிவப்பு கேட்டீங்க, சிவப்பு அடிச்சாச்சு” என்று சொல்லி வைத்துவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்தச் சாயம் திரும்பி வராது என்பது அவருக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் பேசுகிறார்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத எண்ணித்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. எதை அடிக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அசல் சாயமுள்ள டாங்கியை எக்காரணம் கொண்டும் பட்டறையில் விடாதீர்கள். ஒரு சிறு தகட்டில் மூன்று அடுக்கையும் அடித்துத் தரச் சொல்லி, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து காலை வெயிலில் டாங்கியோடு ஒட்டி வைத்து, நேராகவும் சாய்த்தும் பாருங்கள். குழல்விளக்கு வெளிச்சத்தை நம்பவே வேண்டாம். வேலைக்கு முன்பே எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். நான் எடுத்து வைத்திருந்தேன். இப்போது அவைதான் என் கையில் இருக்கும் சாட்சி.

1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு கொடுக்கலாம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மனுப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். 1,850 ரிங்கிட்டோடு டாங்கியின் விலையையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.