6,500 ரூபாய்க்கு வாங்கிய பழைய எலக்ட்ரிக் கிட்டார்: நான்கு வருட அனுபவம்

2021 பிப்ரவரியில் பெரம்பூரில் ஒரு வீட்டில் இந்த கிட்டாரை வாங்கினேன். வீட்டுக்காரர் 8,000 கேட்டார், பையோடு சேர்த்து 6,500க்கு முடிந்தது. அவர் மகன் ஆஸ்திரேலியா போய் ஆறு வருடம். அப்போதிருந்து கிட்டார் ஏசி ஓடும் அறையில் பீரோ ஓரமாகச் சாய்ந்தே நின்றிருக்கிறது. தலைப்பகுதியில் இருந்த கம்பெனிப் பெயர் தேய்ந்து அழிந்துவிட்டது. 1954இல் ஃபெண்டர் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் அமைப்பில், மூன்று சிங்கிள் காயில் பிக்கப்புடன் (கம்பியின் அதிர்வை மின்சார சிக்னலாக மாற்றும் ஒற்றைச் சுருள் பாகம்) வரும் எத்தனையோ கிட்டார்களில் இதுவும் ஒன்று. நல்ல சிவப்பு நிறம். கம்பிகள் துருவேறிக் கருத்திருந்தன. வால்யூமைத் திருகினால் கரகர சத்தம். ஆம்ப்ளிஃபயரில் போட்டதும் பெரிய உறுமல்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் வாங்கியதற்கு ஒரே காரணம் நெக், அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி. தலைப்பக்கம் கண்ணை வைத்து, துப்பாக்கிக் குழலைப் பார்ப்பதுபோல் நெக்கின் ஓரத்தைப் பார்த்தேன். முறுக்கல் இல்லை. நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்திப் பிடித்தபோது ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது, இரண்டு கார்டுகூட நுழையும். அப்படியென்றால் கம்பியின் இழுவைக்கு நெக் முன்பக்கமாக வளைந்திருக்கிறது. அது பிரச்சினை இல்லை, உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை முறுக்கினால் நிமிர்ந்துவிடும். ஆனால் அந்த ராட் இறுகிப்போயிருந்தால் கதை முடிந்தது. கையோடு கொண்டுபோயிருந்த ஆலன் கீயை வைத்து, அவரிடம் கேட்டுவிட்டு, கொஞ்சம் தளர்த்திப் பார்த்தேன். சிக்கல் இல்லாமல் திரும்பியது. அப்போதே பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

பழைய கிட்டார் வாங்குகிறவர்கள் பெயின்ட்டையும் பிக்கப்பையும் பார்க்கிறார்கள். அதெல்லாம் பிறகு மாற்றக்கூடியவை. நெக் முறுகியிருந்தால் கிட்டாரின் விலையைவிட வைத்தியச் செலவு அதிகமாகும்.

வீட்டுக்கு வந்ததும் பழைய கம்பிகளைக் கழற்றி, 09–42 என்ற மெல்லிய கம்பி செட் போட்டு, ட்ரஸ் ராடைக் கால் சுற்று கால் சுற்றாக இரண்டு நாளில் முறுக்கினேன். மரம் உடனே அசையாது. ஒரு ராத்திரி விட்டு மறுநாள் அளந்தால்தான் உண்மை தெரியும். கடைசியில் ஒரு கார்டு லேசாக உரசிக்கொண்டு நுழையும் அளவுக்கு, சுமார் கால் மில்லிமீட்டருக்கு வந்தது.

அடுத்த தொல்லை ஃப்ரெட்டின் முனைகள். கையை நெக்கில் ஓட்டினால் அரத்தில் உரசுவதுபோல் குத்தின. ஏசி அறையின் வறண்ட காற்றில் மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது, அதனால் முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் தெருவில் இருக்கும் தச்சு ஆசாரி ஒருவரிடம் எடுத்துப்போனேன். ஃப்ரெட் பதித்திருக்கும் மரப் பலகையின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, நைசான அரத்தால் ஒவ்வொரு முனையாக ராவிக் கொடுத்தார். ராவும்போது வந்த மரத்தூளை விரலில் தேய்த்துப் பார்த்து, “தம்பி, இது ஈட்டி மாதிரில்ல இருக்கு” என்றார். எனக்கு அது பெரிய சந்தோஷம். ரோஸ்வுட் ரோஸ்வுட் என்று கிட்டார்க்காரர்கள் சொல்வதில் ஒரு வகை நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டிதான். இந்தப் பலகை அதுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அன்றிலிருந்து கம்பி மாற்றும்போதெல்லாம் அதற்கு இரண்டு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்துவைக்கிறேன். பெல்ட் மாட்டும் ஆணியின் ஓட்டை தளர்ந்திருந்ததையும் அவரே மூங்கில் சீவலும் ஃபெவிகாலும் வைத்து அடைத்துத் தந்தார். இன்றுவரை அசையவில்லை.

வால்யூம் கண்ட்ரோலுக்காக, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். 250கே (250 கிலோ ஓம்) வேண்டும் என்று மட்டும் கேட்டேன், கொடுத்ததை வாங்கி வந்தேன். மாட்டிய பிறகு பார்த்தால், முக்கால் பங்கு திருகும்வரை சத்தம் குறைந்ததுபோலவே தெரியவில்லை, அப்புறம் திடீரென்று அடங்கிவிட்டது. மேலே அச்சிட்டிருந்த எழுத்தை நான் பார்க்கவில்லை. பி250கே என்றால் லீனியர், அதாவது மின்தடை ஒரே சீராக மாறும் வகை; ஏ250கே என்றால் நம் காதுக்கு ஏற்றபடி படிப்படியாகக் குறையும் வகை. மறுவாரம் போய் ஏ வகை மூன்று வாங்கி, எல்லாவற்றையும் மறுபடி சால்டரிங் செய்தேன். பாகங்களின் விலை சொற்பம், வீணாகப் போன இரண்டு சனிக்கிழமைதான் நட்டம்.

உறுமலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சிங்கிள் காயில் பிக்கப் என்றால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைக் கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும். கம்பியைத் தொட்டால் அது பெரும்பாலும் குறைய வேண்டும். என் கிட்டாரில் தொட்டாலும் குறையவில்லை. பின்மூடியைத் திறந்தபோது, ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இரும்புக் கொக்கியிலிருந்து எர்த் ஒயர் அறுந்து தொங்கியது. 25 வாட் சால்டரிங் அயர்னால் அங்கே ஈயம் ஒட்டவே இல்லை. அவ்வளவு பெரிய இரும்பு சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது. உப்புத்தாளால் தேய்த்து, சால்டரிங் பேஸ்ட் தடவி, 60 வாட் அயர்னைக் கடன் வாங்கி வைத்த பிறகுதான் பிடித்தது. உள்பக்கம் முழுக்கச் செப்புத் தகடும் ஒட்டினேன்.

உறுமல் பாதியானது. மீதிப் பாதி போகவில்லை. நண்பர் வீட்டில் அதே ஆம்ப், அதே கிட்டார், அமைதியாக இருந்தது. அப்போதுதான் எங்கள் வீட்டு பிளக்கைச் சந்தேகப்பட்டேன். எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை ஃபேஸிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்தார். பல்ப் எரியவில்லை. கொல்லைப்புறத்தில் எர்த் குழிக்குப் போகும் ஒயர் அரித்துப் போயிருந்தது. மூன்று பின் பிளக் இருந்தும் மூன்றாவது பின்னுக்கு வேலையே இல்லாமல் எத்தனை வருடம் இருந்தோமோ.

தயவுசெய்து இதைக் கவனியுங்கள். எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பி, ஒயரின் வழியாக ஆம்ப்ளிஃபயரின் உடலோடு சேர்ந்திருக்கிறது. பழைய ஆம்ப்பில் உள்ளே கசிவு ஏற்பட்டு, வீட்டில் எர்த்தும் இல்லாவிட்டால், மின்சாரம் உங்கள் விரலுக்குத்தான் வரும். வெறுங்காலோடு தரையில் நின்று வாசிக்கும் பழக்கம் நமக்கெல்லாம் உண்டு. கம்பி தொடும்போதோ மைக்கில் உதடு படும்போதோ சுருக்கென்றால் வாசிப்பதை நிறுத்திவிட்டு முதலில் எர்த்தைப் பாருங்கள். எர்த் சரிசெய்ய எனக்கு ஆன 1,800 ரூபாய்தான் இந்தக் கிட்டாருக்காகச் செய்ததிலேயே உருப்படியான செலவு. ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் சேர்த்துதான்.

நட்டில், அதாவது நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளமிட்ட சிறு துண்டில், ஒரு தப்பு செய்தேன். முதல் ஃப்ரெட்டில் அழுத்தக் கடினமாக இருந்ததால் நட்டின் பள்ளங்களை ராவினேன், மூன்றாவது கம்பியின் பள்ளம் ஆழமாகிவிட்டது. அழுத்தாமல் மீட்டினால் ஜிர்ரென்றது. பள்ளத்தில் ஆப்ப சோடா தூவி ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் கல்லாக இறுகிவிடும், பிறகு மறுபடி ராவலாம். இரண்டு வருடம் அதிலேயே ஓட்டி, 2023இல் எலும்பு நட் மாற்றினேன். சுருதி சேர்க்கும்போது கம்பி டிக் டிக்கென்று சிக்குவது அப்போதுதான் நின்றது. அதுவரை பென்சில் கரியைத் தேய்த்துச் சமாளித்தேன்.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் 1.6 மில்லிமீட்டர் என்பது வழக்கமான அளவு. நானும் அதில்தான் தொடங்கினேன். ஆனால் நான் கொஞ்சம் மோகனம், ஹம்சத்வனி வாசிப்பேன். கமகத்துக்காகக் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது மேல் ஃப்ரெட்களில் பட்டு ஸ்வரம் செத்துவிடுகிறது. 1.9க்கு ஏற்றினேன். விரலுக்கு இன்னும் கொஞ்சம் வேலை, ஆனால் ஸ்வரம் கடைசிவரை நிற்கிறது. சுருதியை ஆட்டும் ட்ரெமலோ கையை நான் பயன்படுத்துவதில்லை, அதனால் ஐந்து ஸ்பிரிங் போட்டு, கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜை கிட்டாரின் உடம்போடு படிய வைத்துவிட்டேன். ஒரு கம்பியை இழுத்தால் மற்ற கம்பிகள் சுருதி இறங்குவது இதனால் நின்றது.

பிக்கப்பை மாற்றவில்லை. மாற்றலாம் என்று நினைத்து இரண்டு முறை பணம் சேர்த்து, இரண்டு முறையும் மனம் மாறினேன். உயரத்தை ஸ்க்ரூவில் சரிசெய்த பிறகு கழுத்தோரப் பிக்கப்பில் வரும் உருண்டையான ஒலி எனக்குப் போதும்.

எர்த் வேலையைத் தவிர்த்து, நான்கு வருடத்தில் கம்பிகளோடு சேர்த்து சுமார் 5,500 ரூபாய் செலவழித்திருக்கிறேன். கம்பிதான் அதிகம். சென்னைக் காற்றில் ஆறு வாரத்துக்கு மேல் தாங்குவதில்லை, வாசித்ததும் துடைத்துவைத்தால் எட்டு வாரம். ஐப்பசி மழையில் நெக் கொஞ்சம் அசையும், வருடத்துக்கு ஒருமுறை ட்ரஸ் ராடில் கைவைக்க வேண்டியிருக்கிறது.

இப்போது முதல் மூன்று ஃப்ரெட்களில் கம்பி பட்ட இடம் பள்ளமாகத் தெரிகிறது. சமன்படுத்தி ராவினால் இன்னும் சில வருடம் ஓடும் என்று கிட்டார் ரிப்பேர் செய்கிறவர் சொன்னார். மழை முடியட்டும், நெக் ஓரிடத்தில் நிற்கட்டும், தை பிறந்ததும் கொண்டுவா என்றிருக்கிறார்.