பீரோவுக்குப் பின்னால் பூச்சாண்டி: எந்தப் புத்தகம் எடுபடும்?

அண்ணன் மகளுக்கு நாலரை வயது. விளக்கை அணைத்தால் பீரோவுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்பாள். வேறு யார், சோறு ஊட்டும்போது நாங்களே கூப்பிட்ட பூச்சாண்டிதான். இரண்டு அமெரிக்கப் படப்புத்தகங்களை மாற்றி மாற்றித் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.

மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதி, கிளெமென்ட் ஹர்ட் வரைந்த 'குட்நைட் மூன்' (1947). இதில் கதையே கிடையாது. படுக்கையில் இருக்கும் குட்டி முயல் சீப்பு, கஞ்சிக் கிண்ணம், நிலா என்று எல்லாவற்றுக்கும் குட்நைட் சொல்கிறது, அவ்வளவுதான். வேலை நடப்பது படத்தில். பக்கம் புரளப் புரள அறை இருட்டிக்கொண்டே போகிறது. கடிகாரம் 7 மணியிலிருந்து 8.10க்கு வந்துவிடுகிறது. இடம் மாறி மாறி உட்காரும் சுண்டெலியைத் தேடுகிற மும்முரத்தில் இருட்டு வந்ததே பிள்ளைக்குத் தெரியாது. ஒரே குறை, எதுகை தமிழில் நிற்காது. வெறும் பட்டியலாகிவிடும்.

மோரிஸ் செண்டாக்கின் 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' (1963) நேர் எதிர். அட்டகாசம் செய்யும் மாக்ஸை அம்மா சாப்பாடு போடாமல் படுக்க அனுப்புகிறாள். அறை காடாகிறது. படகேறிப் போனால் பூதங்கள். இமைக்காமல் முறைத்தே அவற்றை அடக்கி ராஜா ஆகிறான். (ஞாயிறு தோறும் வீட்டுக்கு வந்து கன்னத்தைக் கிள்ளிய சொந்தக்காரர்கள்தான் இந்தப் பூதங்களுக்குச் செண்டாக் எடுத்துக்கொண்ட மாடல். நம் கல்யாண வீடுகளுக்குப் போன பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம்.) கூத்து ஏற ஏறப் படமும் பெரிதாகி, உச்சத்தில் எழுத்தே இல்லாமல், எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் நிறைக்கும் மூன்று படங்கள். வீடு திரும்பினால் சாப்பாடு இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் படமில்லை. அது இன்னும் ஆறவில்லை என்ற சேதி மட்டும். பட்டினி போட்டுப் படுக்க அனுப்புவது பிள்ளையைக் கைவிடுவதற்குச் சமம் என்று 1969இல் உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் கண்டித்தார், புத்தகத்தைப் படிக்காமலேயே!

ராத்திரி எட்டரைக்கு இதை எடுத்தது என் தப்பு. கட்டிலில் குதித்து ஒரு மணி நேரம் உறுமினாள். தூங்க வைக்க முயல்தான், சந்தேகமில்லை. மூன்று வயதுக்குள் என்றால் அதுவே போதும். ஆனால் பயம் போக வேண்டுமானால் நான் செண்டாக் பக்கம். இப்போது அதைப் பகலில், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் படிக்கிறோம்.

போன வாரம் அவளே பீரோ இடுக்கில் தலையை நீட்டி, "சும்மா இரு!" என்று அதட்டிவிட்டு வந்து படுத்தாள்.